நெல் பச்சையாய் நிற்கும்போது வரும் நத்தார்

டிசெம்பர் மாதத்தில் கட்டுக்கரைக் குளத்தின் வயல்வெளியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எங்கும் பச்சை. சில வயல்கள் குடலைப் பருவத்தில் நிற்கும். முந்தி விதைத்தவரின் வயலில் அங்கொன்று இங்கொன்றாகக் கதிர் எட்டிப் பார்க்கும். பார்க்க நிறைவான காட்சி. ஆனால் அந்த வயலுக்குரியவரின் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். சிறுபோக நெல் முடிந்திருக்கும். உழவுக்கூலி கடன், பசளை கடன், கிருமிநாசினி கடன். அறுவடை தையிலும் மாசியிலுந்தான். எமது சைவச் சகோதரரின் பொங்கல் புதிரோடு வருகிறது. எமது நத்தாரோ விவசாயியின் கை மிகவும் வறண்டு போயிருக்கும் மூன்று கிழமைக்குள் வந்து நிற்கிறது.

சொந்தக் காணியில் இருப்பவருக்கே இந்த நிலை என்றால், இடம்பெயர்ந்து பிறர் காணியில் கொட்டில் போட்டு, பிறர் வயலில் கூலிக்குக் களை பிடுங்கும் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அடை மழை பெய்தால் கூலியும் இல்லை.

இந்த இதழுக்கு நத்தார்ப் பலகாரத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, எமது கிராம அபிவிருத்திக் குழுவில் இருக்கும் ஒரு பெரியவர் சிரித்தார். “காணி கேட்டு மனுக் குடுத்துக்கொண்டு திரியிற சனத்துக்கு முறுக்குச் சுடவோ சுவாமி சொல்லிக் குடுக்கப் போறியள்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலாக இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். ஒன்று என் சொந்த வீட்டில் நடந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது எனக்கு வயது பதினான்கு. மழையில் நனைந்து தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு பாடசாலை வகுப்பறை. அதில் நான்கு குடும்பங்கள். வாங்குகளை அடுக்கி நடுவில் தடுப்பு. திருவருகைக் காலம் தொடங்கியது. அம்மாவுக்கு ஒரே யோசனை, பிள்ளைகளுக்கு ஒரு பயற்றம் பணியாரமாவது சுட்டுக் கொடுக்க வேண்டும் என்று. பயறு வாங்க வழியில்லை. நிவாரணத்துக்குக் கிடைத்த மைசூர்ப் பருப்பைச் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்து வைத்திருந்தார். அதை வறுத்து, பாடசாலைக்கு அடுத்த வீட்டு அம்மாவின் திரிகையில் திரித்து, கொஞ்சச் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருட்டினார். அந்த அம்மா சைவக்காரர். தாச்சியும் இரண்டு தேங்காயும் அவர் கொடுத்தவை. எண்ணெய் கடனுக்கு வாங்கியது.

முதல் நான்கு உருண்டைகளும் எண்ணெய்க்குள் விழுந்ததும் பிரிந்து கரைந்தன. அடுத்த நான்கும் அப்படியே. எண்ணெய் முழுக்க மா. அம்மா தாச்சியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அவர் அழுததை இடப்பெயர்வு நடந்த அன்றுகூட நான் காணவில்லை. அந்த வீட்டு அம்மாதான் வந்து, “விடுங்கோ தங்கச்சி, பொரிச்சால்தான் பலகாரமோ?” என்று சொல்லி, வீட்டில் இருந்த பனங்கட்டிக் குட்டானை எடுத்துவந்து, பாணி காய்ச்சி, மிஞ்சிய மாவில் ஊற்றிச் சூட்டோடு சூடாக உருட்டிக் கொடுத்தார். அந்த ஆண்டு எங்கள் நான்கு குடும்பத்தின் நத்தார்ப் பலகாரம் அந்தப் பருப்பு உருண்டைதான். ஆளுக்கு இரண்டு.

உருண்டை ஏன் பிரிந்தது என்பதைப் பின்னர் பல தாய்மாரிடம் கேட்டு அறிந்தேன். பாணி கம்பிப் பதத்துக்கு வராமல் மாவில் சேர்ந்தால் மா ஒட்டாது. எண்ணெய் பட்டவுடன் பிரியும். எங்களிடம் இருந்த சீனி பாணி காய்ச்சக் காணாது. பிழை அம்மாவின் கையில் இல்லை.

இரண்டாவது சம்பவம் இருபத்தொரு ஆண்டு கழித்து. மன்னார் மாவட்டத்தில் மாந்தை மேற்கில் ஒரு மீள்குடியேற்றக் கிராமம். 2016 நத்தாருக்கு அங்கே ஒரு தாய் நுண்கடன் எடுத்தார். கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். கோழி வளர்ப்புக்கு என்று கடதாசியில் எழுதப்பட்டது. கோழி வாங்கவில்லை. பிள்ளைகளுக்கு உடுப்பு, ஒரு கடைக் கேக், பட்டணத்தில் பெட்டி பெட்டியாக வாங்கிய பலகாரம். கிழமைக்கொரு தரம் மோட்டார் சைக்கிளில் ஆள் வருவார். அவருக்குக் கட்டுவதற்காக வேறோர் இடத்தில் கடன். அதற்குக் கட்ட இன்னுமோர் இடம். 2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பட்ட நுண்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, ஒழுங்காகக் கட்டி வந்தவர் என்பதால் இவருக்கு அது கிடைக்கவில்லை. கடனுக்குக் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியவர்!

ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். கேட்ட முறையில் கொஞ்சம் கோபமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் சொன்ன மறுமொழி இது: “பன்னிரண்டு வீட்டிலயிருந்து தட்டு வரும் பாதர். வாற தட்டை வெறுந்தட்டாத் திருப்பி அனுப்பேலுமோ?”

கேக்குக்காக அல்ல, தட்டுக்காக எடுத்த கடன் அது. எமது கிராமங்களில் நத்தார் விடிந்ததும் துணியால் மூடிய தட்டுகள் வீட்டுக்கு வீடு போகும். சைவ வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் போகும். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் அங்கிருந்து திரும்பி வரும். இது நல்ல வழக்கம். நூறு கூட்டம் வைத்துப் பேசும் சமாதானத்தை ஒரு தட்டுப் பலகாரம் செய்துவிடுகிறது. ஆனால் இல்லாதவரின் வீட்டுக்குள் வந்திருக்கும் தட்டு ஒரு தவணைக் கடதாசி மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை நாம், முக்கியமாக நான், யோசிக்கவில்லை. 2017இல் கரோல் குழுப் பிள்ளைகளுக்கு அறைவீட்டு விறாந்தையில் பட்டணத்துக் கேக் வெட்டிக் கொடுத்தவன் நானே. மாப்பூவும் வெள்ளிமணியும் வைத்த கேக். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் என்ன கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு வீட்டுக்கு ஒரு பலகாரம்

2018 கார்த்திகையில் அந்தக் கிராமத்துத் தாய்மார் பதினொரு பேர் சிற்றாலயத்தில் கூடிப் பேசினார்கள். யோசனை என்னுடையது அல்ல. ஒரு வயதான தாயுடையது. ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து வகைப் பலகாரத்தில் ஐம்பது ஐம்பது சுடுவதை விட, ஒரு வீடு ஒரு வகையை மட்டும் எல்லாருக்குமாகச் சுட்டால் என்ன? எண்ணெய் ஒரு தாச்சிக்கு மட்டும் போதும். விறகும் மிச்சம். ஐந்து தரம் மா அரிக்க வேண்டியதில்லை. பிறகு எல்லாவற்றையும் சிற்றாலய முற்றத்தில் பாயில் கொட்டி, வீட்டுக்கு இவ்வளவு என்று எண்ணிப் பிரித்துக்கொள்வது.

இதில் எண்ணெய்க் கணக்கு முக்கியமானது. பொரியல் பலகாரத்தில் அதிகம் காசு விழுங்குவது மாவோ சீனியோ அல்ல, எண்ணெய்தான். பலகாரம் குடிக்கும் எண்ணெய் கொஞ்சம். தாச்சியில் மிஞ்சிக் கறுத்துப் போவது அதிகம். பதினொரு வீட்டில் பதினொரு தாச்சியில் மிஞ்சுவதை மூன்று தாச்சியில் அடக்கினால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

அந்தப் பதினொரு பேரில் ஒருவரிடம் அரிசியும் இல்லை, சீனியும் இல்லை. அவர் விறகு கொண்டுவந்தார். மழைக்கு முன்பே வெட்டி, கொட்டிலுக்குள் அடுக்கி வைத்திருந்த காய்ந்த விறகு. மார்கழியில் காய்ந்த விறகுக்கு என்ன பெறுமதி என்று வன்னியில் அடுப்பு மூட்டியவருக்குத் தெரியும். அவருக்கும் முழுப் பங்கு. பாயிலிருந்து எடுத்த பலகாரம் தட்டில் ஏறிய பின் அது எந்த வீட்டுச் சீனி, எந்த வீட்டு விறகு என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுதினால் அது பொய். 2019இல் சண்டை வந்தது. ஒருவர் முறுக்கில் மாவைக் கூட்டி உழுந்தைக் குறைத்துவிட்டார் என்று ஒரு கதை. இன்னொருவர் பழைய எண்ணெயில் சுட்டார் என்று மற்றொரு கதை. இரண்டு வீடுகள் விலகின. அதன் பிறகுதான் சாமான்களை முதலே ஓரிடத்தில் சேர்த்து, எல்லார் கண் முன்னும் அளந்து கொடுக்கும் ஒழுங்கு வந்தது. 2022இல் சீனியும் கோதுமை மாவும் விலை ஏறி, எரிவாயுவுக்குச் சனம் வரிசையில் நின்ற ஆண்டில், விலகிய இரண்டு வீடும் திரும்பி வந்தன.

பயற்றம் பணியாரம்

நமது நிலத்தில் விளைவதைக் கொண்டு செய்யும் பலகாரங்களில் முதலிடம் இதற்குத்தான். நூறு கிராம் பயற்றில் ஏறத்தாழ இருபத்துநான்கு கிராம் புரதம் உண்டு. பட்டணத்துப் பெட்டிப் பலகாரத்தில் மாவும் சீனியும் நிறமுந்தான்.

ஒரு கிலோ பயற்றை மெல்லிய நெருப்பில் வாசம் வரும்வரை வறுத்து, உடைத்து, கோது புடைத்து, மாவாகத் திரியுங்கள். ஒரு தேங்காயைத் திருவி, ஈரம் முழுவதும் போகும்வரை வறுங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. தேங்காய்ப்பூவில் ஈரம் இருந்தால் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். மிளகு, நற்சீரகம், ஏலம் இடித்துச் சேருங்கள். முக்கால் கிலோ சீனியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுங்கள். இரு விரலுக்கிடையில் தொட்டு இழுத்தால் கம்பி போல் நீள வேண்டும். அதுவே பதம். பனங்கட்டி என்றால் கரைத்து வடித்துக் காய்ச்சுங்கள், மண் இருக்கும். பாணியை மாவில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டிவிட வேண்டும். ஆறினால் உருளாது. பச்சரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் சேர்த்துத் தோசை மாப் பதத்தில் கரைத்து, உருண்டையைத் தோய்த்து, நடுத்தர நெருப்பில் பொரியுங்கள்.

மார்கழிக் குளிரில் வறுத்த மா ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே திரித்த அன்றே பிசைவது நல்லது. சாமான் போதாத வீட்டார் பொரிக்காமல் உருண்டையோடு நிறுத்தலாம். அதுவும் பலகாரமே. எனக்கு இன்றும் அதுதான் பிடிக்கும்.

கேக் என்ற பிரச்சினை

கேக் நமது பலகாரம் அல்ல, அது வேண்டாம் என்று சில குருமார் பிரசங்கத்தில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து வந்தது. பாணும் அவர்களுடையது, பாண் சுடும் போறணையும் அவர்களுடைய சொல். நாம் அச்சுப் பலகாரம் என்றும் சிங்களச் சகோதரர் கொக்கிஸ் என்றும் சொல்வது ஒல்லாந்தரின் பெயரையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்துப் பிசைந்த பலகாரம். எமது குசினிக்குள் வந்து நானூறு ஆண்டு ஆனவற்றை இனி வெளியே போ என்று சொல்ல முடியுமா? பிள்ளைகள் கேக் கேட்பார்கள். கேட்கட்டும். அதைக் கடையில் வாங்காமல் வீட்டில் சுட முடியுமா என்பதே கேள்வி. முடியும். மின்சாரமும் வேண்டாம், எரிவாயுவும் வேண்டாம். 1990இல் மின்சாரம் நின்று போன பிறகு யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கேக் சுட்டது மணல் சட்டியில்தான்.

அடி கனத்த பெரிய சருவம் ஒன்று வேண்டும். அதற்குள் அரித்துக் கழுவி நன்றாகக் காயவைத்த மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். மணலின் மேல் மூன்று சிறிய கற்கள். கேக் தட்டு அந்தக் கற்களின் மேல் இருக்க வேண்டும். மணலில் நேரே வைத்தால் அடி கருகும். மேலே தணல் போடக்கூடிய தட்டையான தகர மூடி. முதலில் வெறுஞ்சட்டியை மூடி இருபது நிமிடம் சூடாக்குங்கள். ஒரு துண்டு வெள்ளைக் கடதாசியை உள்ளே போட்டு மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் அது இளமண்ணிறமானால் சூடு சரி. உடனே கறுத்தால் தணலை இழுத்துவிடுங்கள். வெள்ளையாகவே கிடந்தால் இன்னும் சூடு காணாது.

பலர் பிழை விடுவது தணல் பங்கீட்டில். சட்டியின் கீழே நெருப்பைக் கூட்டி, மேலே பேருக்கு நாலு கரி வைப்பார்கள். கேக்கின் அடி கரியாகும். மேல் பச்சையாய் இருக்கும். தணலை மூன்று பங்காக்கினால் ஒரு பங்கு கீழே, இரண்டு பங்கு மேலே. சிரட்டைக் கரி மிக நல்லது, நின்று எரியும். முதல் அரை மணித்தியாலம் மூடியைத் திறக்க வேண்டாம். பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் வேண்டாம். பொங்கி வந்த கேக் அமர்ந்துவிடும். முக்கால் மணித்தியாலத்தின் பின் ஒரு சுத்தமான ஈர்க்கால் நடுவில் குத்திப் பாருங்கள். ஈர்க்கில் மா ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

அளவு எப்படி? தராசு இல்லாத வீட்டுக்கு ஒரு பழைய வழி உண்டு. முட்டை, சீனி, மா, மாஜரின் நான்கும் ஒரே நிறையாக இருந்தால் சாதாரணக் கேக் வரும். ஒரு தடியின் இரு முனையிலும் இரண்டு சிரட்டைகளைக் கயிற்றில் கட்டித் தூக்குங்கள். ஒரு சிரட்டையில் முட்டை, மறு சிரட்டையில் சீனி. ஒவ்வொரு முட்டையாக நிறுத்து எடுத்து, மாவையும் மாஜரினையும் அப்படியே நிறுத்துக்கொள்ளுங்கள். கடை முட்டை ஐந்து ஏறத்தாழ கால் கிலோ வரும். ஊர்க்கோழி முட்டை சிறியது; ஆறு வேண்டியிருக்கும். புத்தகத்தில் ஐந்து முட்டை என்று போட்டிருப்பதைப் பார்த்து ஊர்க்கோழி முட்டையில் ஐந்து உடைத்து ஊற்றி, கேக் கல்லாகிப் போனது என்று சொல்பவர்கள் பலர். முட்டையையே படிக்கல்லாக வைத்தால் அந்தப் பிழை வராது.

சீனியையும் மாஜரினையும் வெண்மையாக வரும்வரை அடித்து, மஞ்சட்கருவை ஒவ்வொன்றாகச் சேர்த்து, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து அரித்த மாவை மெல்ல மடித்துவிட்டு, வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் சேருங்கள். மா சேர்த்த பின் வலுவாக அடிக்கக் கூடாது.

கொழும்புப் பக்கம் நத்தாருக்குச் செய்யும் ரிச் கேக்கில் மாவுக்குப் பதில் ரவை. அதோடு மரமுந்திரிகைப் பருப்பு, முந்திரிகை வற்றல், இஞ்சிப் பாகு, பூசினித் தோசி. முட்டை மட்டும் இருபது இருபத்தைந்து போகும். அதைச் செய்யச் சொல்லி உங்களுக்கு எழுதமாட்டேன். ஆனால் அந்தப் பூசினித் தோசி எதிலிருந்து வருகிறது தெரியுமா? நமது வேலியில் ஏறிக் கிடக்கும் நீற்றுப் பூசினிக்காயிலிருந்து. தோல் சீவி, குடல் நீக்கி, சிறு துண்டுகளாக வெட்டி, ஈர்க்கால் குத்தி, அவித்து, நீரை வடித்து, சீனிப் பாணியில் கண்ணாடி போல் வரும்வரை காய்ச்சினால் அதுவே தோசி. பட்டணத்தில் கிராம் கணக்கில் விற்கும் சாமான் அது. நாம் காயைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, நத்தாருக்குத் தோசியைக் கூடிய விலைக்கு வாங்குகிறோம். சாதாரணக் கேக்கிலேயே ஒரு பிடி தோசி போட்டுப் பாருங்கள்.

கூட்டாகச் சுடுபவர்களுக்கு மண் போறணை இலாபம். புற்றுமண்ணும் வைக்கோலும் பிசைந்து, ஈரமணலைக் குவித்து அதன் மேல் குடில் போலக் கட்டி, காய்ந்ததும் மணலைத் தோண்டி எடுத்துவிடுவது. வாசலின் உயரம் உள்ளுயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை விடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் புகையும் போகும், சூடும் நிற்கும். உள்ளே விறகை எரித்து, நெருப்பையும் சாம்பலையும் முழுவதும் வாரி எடுத்து, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்துவிட்டு, சுவரில் நின்ற சூட்டில் சுட வேண்டும். சூடு இறங்கிக்கொண்டே போகும். ஆகவே முதலில் பாண், அது இறங்கியபின் கேக், கடைசியில் விசுக்கோத்து. இந்த வரிசையை மாற்றினால் கேக் கருகும். 2018இல் முதற் தடவை அப்படித்தான் கருகியது. கருகிய மேற்பக்கத்தைச் சீவிவிட்டுக் கரோல் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

கிடுகுக் கொட்டிலில் இருப்பவர்களுக்கு ஒன்று. மழை என்பதற்காகத் தாச்சியைக் கொட்டிலுக்குள் கொண்டுபோக வேண்டாம். எண்ணெய் பற்றினால் கூரைக்கு ஏற ஒரு நிமிடம் ஆகாது. வெளியே நான்கு தடி நட்டு உயரமாகத் தகரம் போட்டு அதன் கீழ் சுடுங்கள். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியால் மூடுங்கள். சின்னப் பிள்ளைகளைத் தாச்சிக்குக் கிட்ட விடாதீர்கள்.

எப்போது தொடங்குவது

கடன் எடுக்காமல் நத்தார் செய்ய விரும்புபவர் டிசெம்பரில் தொடங்கினால் பிந்திவிட்டது. சிறுபோகம் அறுத்ததும் தொடங்க வேண்டும். பிடியரிசி நமது தாய்மாருக்குப் புதிதல்ல. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வைப்பது. செப்டெம்பர் 14, திருச்சிலுவை விழாவன்று தொடங்கினால் நத்தாருக்கு முதல் நாள் வரை 102 நாள். ஒரு பிடி 40 கிராம் என்றாலும் நான்கு கிலோ சேரும். ஒரு வீட்டுப் பங்கு அரியதரத்துக்கும் அச்சுப் பலகாரத்துக்கும் அது காணும். பயறு அறுத்த காலத்தில் ஒரு கிலோவை வேப்பிலை போட்டுக் கட்டி வையுங்கள். பனங்கட்டி மலிந்த மாதத்தில் இரண்டு குட்டான் வாங்கி அடுப்புக்கு மேல் தொங்கவிடுங்கள். புகை பட்டால் கசியாது. விறகு ஐப்பசிக்கு முன். சீனியும் எண்ணெயும் மட்டுமே காசு கொடுத்து வாங்க வேண்டியவை. அதற்குக் கிழமைக் கூட்டத்தில் ஒரு சிறு தொகை சேர்த்தால் போதும்.

அன்றாடம் கூலிக்குப் போய் அன்றைக்கு அரிசி வாங்கும் வீட்டில் போய் ஒரு பிடியை எடுத்து வை என்று சொல்வதற்கு எனக்கு வாய் வராது. 1995இல் அம்மா நிவாரணப் பருப்பில் மிச்சம் பிடித்தபோது எங்கள் தட்டில் குறைந்தது எனக்குத் தெரியும். அத்தகைய வீடுகள் உங்கள் கூட்டில் இருந்தால் அவர்களிடம் விறகோ, தண்ணீர் அள்ளும் வேலையோ, மா இடிக்கும் கையோ கேளுங்கள். இடிப்பதும் அரிப்பதும் சாமானை விடக் குறைந்தது என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். கணக்குப் போடுபவர் ஒரு தரம் நான்கு கிலோ அரிசியை உரலில் இடித்துப் பார்க்கட்டும்.

நுண்கடன் எடுத்த தாயைப் பற்றிக் கேட்பீர்கள். கடைசித் தவணையை 2020இல் கட்டி முடித்தார். இப்போது கூட்டில் அச்சுப் பலகாரம் அவருடைய பொறுப்பு. அச்சு எண்ணெயில் நன்றாகக் காய்ந்த பின் மாவில் முக்கால்வாசி மட்டும் தோய்க்க வேண்டும், விளிம்புக்கு மேல் மா ஏறினால் கழராது என்று இளம் பிள்ளைகளுக்கு அதட்டிச் சொல்லிக் கொடுக்கிறார். தட்டுகள் இன்னமும் பன்னிரண்டு வீட்டுக்குப் போகின்றன. பன்னிரண்டும் திரும்பி வருகின்றன.

அறைவீட்டில் கூட்டுப் பாவனைக்கென நான்கு அச்சு, இரண்டு முறுக்கு உரல், மணல் சட்டி ஒன்று, மூடியோடு, வைத்திருக்கிறோம். டிசெம்பர் முதல் ஞாயிறு பூசைக்குப் பிறகு கொப்பியில் பெயர் பதிந்து எடுத்துப் போகலாம். ஒரு குழுவுக்கு இரண்டு நாள். அச்சை மண் போட்டுத் தேய்க்காமல், எண்ணெயைத் துடைத்து, கடதாசியில் சுற்றித் திருப்பித் தரவும். சென்ற ஆண்டு எடுத்துப்போன ஒரு அச்சு இன்னும் வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டார் இதையும் வாசிப்பார்கள்.